1952 டாப்ஸ் பேஸ்பால் கார்டு செட்: மதிப்பு எங்கே இருக்கிறது, எப்படிச் சேர்ப்பது

2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் ஒரே ஒரு பேஸ்பால் கார்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. மட்டையைத் தோளில் சாய்த்தபடி நிற்கும் நியூயார்க் யாங்கீஸ் வீரர் மிக்கி மேன்டில், பின்னால் நீல நிறம், அவ்வளவுதான் படம். அந்தச் செய்திக்குப் பிறகு 1952 டாப்ஸ் என்றாலே பலருக்கும் மேன்டில் மட்டும்தான் என்றாகிவிட்டது. ஆனால் அது 407 கார்டு கொண்ட ஒரு செட்டின் 311-வது கார்டு. மற்ற 406 கார்டுகளும் சேர்ந்துதான் இந்தச் செட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் செட்டின் பணம் பெரும்பாலும் கடைசி 97 கார்டுகளில் இருக்கிறது. அழகு முதல் 310-லேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் தன் கைக்கு அடக்கமான செலவில் நல்லதொரு தொகுப்பைக் கட்டிவிடலாம். தெரியாதவர் மேன்டிலைத் துரத்திக் களைத்துப்போவார்.

படி 1: செட் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டாப்ஸ் ஒரு சூயிங்கம் கம்பெனி. புரூக்ளினில் ஷோரின் குடும்பம் 1938-ல் தொடங்கியது. கார்டெல்லாம் கம் விற்பதற்கான தூண்டில். நம் ஊரில் பபிள்கம் உறைக்குள் கிரிக்கெட் வீரர் படம் வைத்து விற்றார்களே, அதே கணக்கு. அப்போது கார்டு சந்தையைக் கையில் வைத்திருந்தது பிலடெல்பியாவின் போமன் நிறுவனம். 1951-ல் டாப்ஸ் சிவப்பு முதுகு, நீல முதுகு என்று சீட்டாட்டம் மாதிரி விளையாடும் சிறு கார்டுகளை இறக்கிப் பார்த்தது, எடுபடவில்லை.

அடுத்த வருடத்துக்கான செட்டை வடிவமைத்தவர் சை பெர்கர். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பி, டாப்ஸில் வேலைக்குச் சேர்ந்தவர். உடன் வேலை பார்த்த வூடி கெல்மனோடு சேர்ந்து, புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் அட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து மாதிரிகளை வெட்டி ஒட்டினார். அங்கே முடிவான விஷயங்களில், அளவைத் தவிர மற்றவை பல இன்றுவரை பேஸ்பால் கார்டின் இலக்கணமாக இருக்கின்றன.

முதலாவது அளவு. 2 5/8 அங்குல அகலம், 3 3/4 அங்குல உயரம். பக்கத்தில் வைத்தால் போமன் கார்டு பொடியாகத் தெரியும். அடுத்தது முன்பக்கம். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்குக் கையால் வண்ணமேற்றி, கீழே நட்சத்திர ஓரம் வைத்த பெயர்ப் பட்டை, அதற்குள் வீரரின் கையெழுத்தின் நகல், பக்கத்தில் அணியின் சின்னம். ஜாக்கி ராபின்சனின் 312-வது கார்டை எடுத்துப் பாருங்கள். பின்னணி முழுக்கச் செக்கச் சிவப்பு. எந்த மைதானத்திலும் அப்படி ஒரு வானம் இருந்ததில்லை. வண்ணம் தீட்டியவரின் கைவேலை அது. ஆனால் பையன்கள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாலும் கண்ணில் அறையும்.

முதுகுப் பக்கத்தில் பேஸ்பால் படத்துக்குள் கார்டின் எண், பிறந்த ஊர், உயரம், எடை, சின்ன வாழ்க்கைக் குறிப்பு, அப்புறம் ஒரு புள்ளிவிவரக் கட்டம்: போன வருடம், வாழ்நாள் மொத்தம் என இரண்டு வரி. தொலைக்காட்சி எல்லா வீட்டுக்கும் வராத காலத்தில், ஒரு சிறுவனுக்குத் தனக்குப் பிடித்த ஆட்டக்காரரின் கணக்கு முழுதும் சட்டைப் பையில் கிடைத்தது.

யார் யார் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டான் மியூசியல் இல்லை, டெட் வில்லியம்ஸ் இல்லை. வீரர்களின் ஒப்பந்தங்களுக்காக டாப்ஸும் போமனும் நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டன. போமனை நடத்திய ஹேலன் லேபரட்டரீஸ் தொடுத்த வழக்கில் 1953-ல் வந்த தீர்ப்புதான், ஒருவர் தன் பெயரையும் உருவத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்த விடும் உரிமை அவருக்கே உண்டு என்று அமெரிக்கச் சட்டத்தில் முதன்முதலாகத் தெளிவாக வரையறுத்தது. இன்று சினிமா நட்சத்திரங்கள் தங்கள் முகத்துக்காகத் தொடுக்கும் வழக்குகளுக்கெல்லாம் முன்னோடி, கம் விற்ற இரண்டு கம்பெனிகளின் தகராறு! 1956-ல் டாப்ஸ் போமனையே விலைக்கு வாங்கிவிட்டது.

படி 2: பணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

செட் முழுதும் ஒரே நாளில் வெளிவரவில்லை. சீசன் நெடுக ஆறு தொடர்களாக வந்தது: 1 முதல் 80, 81 முதல் 130, 131 முதல் 190, 191 முதல் 250, 251 முதல் 310, கடைசியாக 311 முதல் 407. இந்த எல்லைகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டின் விலையை முடிவுசெய்வதில் அதில் இருக்கும் ஆளுக்கு இணையாக அதன் எண்ணுக்கும் பங்கு உண்டு.

கடைசித் தொடரைத்தான் சேகரிப்பவர்கள் ஹை நம்பர் என்கிறார்கள். அது கடைக்கு வரும்போது பேஸ்பால் சீசன் முடியும் தறுவாயில் இருந்தது. பையன்களின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட்டது. கடைக்காரர்கள் ஆர்டர் கொடுக்கவில்லை. பெட்டி பெட்டியாகச் சரக்கு கிடங்கில் தேங்கியது. 1960 வாக்கில் அதையெல்லாம் ஒரு குப்பைப் படகில் ஏற்றி, நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கொட்டியதாகப் பெர்கரே பிற்காலத்தில் சொன்னார். இதை அப்படியே நம்பாத சேகரிப்பாளர்களும் உண்டு. கடலில் போனதோ, வேறெங்கு போனதோ, சந்தையில் அந்தத் தொடர் குறைவு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். மேன்டில் கார்டு அரிதானது என்று நினைப்பார்கள். ஹை நம்பர் தாளில் 100 இடங்கள், கார்டுகளோ 97. மிச்சமிருந்த மூன்று இடங்களை நிரப்ப 311 மேன்டில், 312 ராபின்சன், 313 பாபி தாம்சன் ஆகிய மூவரையும் இரண்டு முறை அச்சடித்தார்கள். ஆக, தன் தொடரிலேயே அதிகம் கிடைக்கும் மூன்று கார்டுகளில் மேன்டிலும் ஒன்று. தரச் சான்று நிறுவனமான பிஎஸ்ஏ மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளைப் பார்த்துச் சான்று கொடுத்திருக்கிறது. அவரது ரூக்கி கார்டும், அதாவது ஒரு வீரரின் முதல் கார்டும், இது கிடையாது. அது 1951 போமன், எண் 253. இருந்தும் விலை ஏன் இப்படி? டாப்ஸில் அவரது முதல் கார்டு, மறக்க முடியாத படம், நியூயார்க் அணி, அதோடு ஐம்பதுகளில் சிறுவர்களாக இருந்த ஒரு தலைமுறை எண்பதுகளில் கையில் காசோடு வந்து தன் பால்யத்தைத் தேடியது. தேவைதான் இங்கே விலையைத் தூக்குகிறது.

அந்த 12.6 மில்லியன் டாலர் கார்டின் கதையே இதற்குச் சாட்சி. 1986-ல் பாஸ்டன் பக்கம் ஒரு வீட்டில் பிரிக்காமல் கிடந்த 1952 ஹை நம்பர் கார்டுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. நியூ ஜெர்சி வியாபாரி ஆலன் ரோசன் அவற்றை வாங்கிப் பிரித்து விற்றார். அதிலிருந்து போன ஒரு மேன்டிலை 1991-ல் ஒருவர் 50,000 டாலருக்கு வாங்கி முப்பது வருடம் வைத்திருந்தார். அதுதான் 2022-ல் ஏலத்துக்கு வந்தது. அதன் கிரேடு, அதாவது நிலைக்கு 10-க்குப் போடும் மதிப்பெண், 9.5. பிஎஸ்ஏ 10 வாங்கிய மேன்டில்கள் மூன்றே மூன்று.

ஹை நம்பரில் வேறு யார்? 314 ராய் கம்பனெல்லா, 333 பீ வீ ரீஸ், 392 ஹாய்ட் வில்ஹெல்மின் ரூக்கி, கடைசியாக 407 எடி மேத்யூஸின் ரூக்கி. புரூக்ளின் டாட்ஜர்ஸ் வீரர்கள் இந்தத் தொடரில் கொத்தாக வருகிறார்கள். எனக்கு அவர்களில் பிடித்தது 326, ஜார்ஜ் ஷூபா. 1946 ஏப்ரலில் ஜெர்சி சிட்டியில் மான்ட்ரியல் அணிக்காக ராபின்சன் ஹோம் ரன் அடித்து ஓடி வந்தபோது, ஒரு கறுப்பின வீரருக்கு எல்லையில் நின்று கைகொடுத்த வெள்ளை வீரர் இவர். அந்தக் கைகுலுக்கலின் புகைப்படம் புகழ்பெற்றது. 321-ல் ஜோ பிளாக் இருக்கிறார். அதே 1952-ல் வேர்ல்ட் சீரிஸ் (சீசனின் சாம்பியன் பட்டப் போட்டி) ஆட்டம் ஒன்றை வென்ற முதல் கறுப்பினப் பந்துவீச்சாளர். மேன்டிலை வாங்கும் காசில் மிகச் சிறு பங்குக்கு இந்த இருவரும் கிடைப்பார்கள்.

படி 3: எந்தச் செட் என்று முடிவு செய்யுங்கள்

இதை முடிவு செய்யாமல் வாங்கத் தொடங்குபவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள். வழிகள் பல இருக்கின்றன.

407-ம் வேண்டும் என்றால் மேன்டில் ஒருவருக்கே, மிக மோசமான நிலையில் உள்ள கார்டானாலும், ஐந்து இலக்க டாலர் ஒதுக்க வேண்டும். முடியாதவர்கள் மேன்டில் இல்லாமல் 406 என்று வைத்துக்கொள்கிறார்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. இந்தத் துறையில் அது ஒப்புக்கொள்ளப்பட்ட இலக்குதான்.

நான் புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்வது முதல் 310. வில்லி மேஸ் (261), யோகி பெர்ரா (191), வாரன் ஸ்பான் (33), டியூக் ஸ்னைடர் (37), பாப் ஃபெல்லர் (88), பில் ரிசூட்டோ (11), பில்லி மார்ட்டின் (175) எல்லோரும் இதற்குள் வந்துவிடுகிறார்கள். அதே வடிவம், அதே வண்ணம், அதே அளவு. முதல் 250-க்குள் வரும் காமன் கார்டு, அதாவது பெரிய பெயர் இல்லாத ஆட்டக்காரரின் கார்டு, தேய்ந்த நிலையில் சில பத்து டாலருக்குக் கிடைக்கும். 251 முதல் 310 வரை சற்றுக் கூடும். 311-ஐத் தாண்டிவிட்டால் யாருமே கேள்விப்படாத ஆட்டக்காரர்கூட நூறு டாலரைச் சுலபமாகத் தாண்டுவார்.

ஒரே அணி என்று போவது இன்னொரு வழி. ஆனால் டாட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்தால், மேலே சொன்னபடி, ஹை நம்பர் செலவு தலையில் விழும்.

எதிர்க்கோடியில் மாஸ்டர் செட் இருக்கிறது. முதல் 80 கார்டுகள் சிவப்பு மையோடு ஒரு முதுகு, கறுப்பு மை மட்டும் கொண்ட ஒரு முதுகு என இரண்டு விதமாக அச்சாகியிருக்கின்றன. 48 ஜோ பேஜ், 49 ஜானி செய்ன் இருவரின் முதுகுக் குறிப்பும் முதலில் மாறிப்போய் அச்சாகி, பிறகு திருத்தப்பட்டது. பேஜ் கார்டைத் திருப்பினால் செய்னின் வாழ்க்கை! 311, 312, 313 மூன்றிலும் முதுகில் உள்ள பந்தின் தையல் ஒன்றில் வலப்பக்கமும் மற்றதில் இடப்பக்கமும் பார்க்கும்; இரு முறை அச்சடித்ததன் தடயம் அது. இதெல்லாம் வேண்டும் என்பவருக்கு முடிவே கிடையாது. முதல் செட்டுக்கு இந்தப் பக்கம் போகாதீர்கள்.

படி 4: நிலையைப் பார்க்கக் கண்ணைப் பழக்குங்கள்

பழைய கார்டுக்கு 1 முதல் 10 வரை தரம் போடுகிறார்கள். பிஎஸ்ஏ 1991-ல் வந்தது, எஸ்ஜிசி 1998-ல், பெக்கெட்டின் பிஜிஎஸ் 1999-ல். சான்று கொடுத்த கார்டைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து எண் ஒட்டித் தருவார்கள். அதற்கு ஸ்லாப் என்று பெயர். பார்ப்பது நான்கு விஷயம்: மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பது.

1952 டாப்ஸில் நான்காவதுதான் பெரிய தலைவலி. தாளை வெட்டியபோது ஒழுங்காக வெட்டவில்லை. ஒரு பக்க வெள்ளை விளிம்பு அகலமாகவும் மறுபக்கம் நூல் மாதிரியும் இருக்கும் கார்டுகள் ஏராளம். மூலை கூர்மையாக இருந்தும் நடு தப்பியதற்காகப் பிஎஸ்ஏ தனிக் குறியீடு போட்டு மதிப்பைக் குறைக்கும். இது தவிர, கம் பாக்கெட்டின் மெழுகு ஊறிய கறை, அச்சின்போது விழுந்த சிறு புள்ளிகள், பையன்கள் பேனாவால் எழுதிய குறிப்பு எல்லாம் கணக்கில் வரும்.

நிலை எவ்வளவு பேசும் என்பதற்கு எண் 1 போதும். ஆண்டி பாஃப்கோ, டாட்ஜர்ஸ் அணிக்காரர், நல்ல ஆட்டக்காரர், ஆனால் மாபெரும் நட்சத்திரம் இல்லை. பையன்கள் கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தார்கள். ரப்பர் அறுத்த வெட்டும், மேலே பட்ட அழுக்கும், தேய்மானமும் எல்லாம் அடுக்கின் மேலே இருந்த பாஃப்கோவுக்கு. அதனால் கெடாத பாஃப்கோ கிடைப்பது குதிரைக்கொம்பு. 1998-ல் பிஎஸ்ஏ 10 வாங்கிய ஒரு பாஃப்கோ 83,870 டாலருக்கு விற்றது. அடியில் இருந்த 407 மேத்யூஸுக்கும் இதே விதி. போதாததற்கு அவர் ரூக்கி, ஹை நம்பர் வேறு.

வாங்குபவருக்கு இதிலிருந்து ஒரு லாபம் உண்டு. கிரேடு 7, 8-ஐத் தாண்டும்போது விலை தாவும்; 1-க்கும் 3-க்கும் இடையே ஏற்றம் அவ்வளவு இல்லை. ஆனால் ஒரே 2 வாங்கிய இரண்டு கார்டுகள் பார்வைக்கு ஒன்றாக இருக்காது. ஒன்றின் முகத்தில் குறுக்கே மடிப்பு விழுந்திருக்கும். மற்றொன்றின் முகம் பளிச்சென்று இருக்க, குறை முழுதும் முதுகில் ஒட்டி உரித்த தழும்பாக இருக்கும். இரண்டாவதை எடுங்கள். ஸ்லாபில் ஒட்டிய எண்ணுக்குப் பணம் கொடுப்பதைவிட, ஆல்பத்தைத் திறந்ததும் தெரியும் முகத்துக்குக் கொடுப்பது நல்லது. அப்படிப் பொறுக்கி எடுத்தால் 1-ம் 2-மாக நிரம்பிய ஒரு செட்டைத் தள்ளி நின்று பார்ப்பவர் 4 என்று நினைப்பார்.

படி 5: போலியையும் வெட்டியதையும் கண்டுபிடியுங்கள்

முதலில் அளவு. 1983-ல் டாப்ஸே இந்தச் செட்டை மறுபதிப்பு போட்டது. அது இன்றைய வழக்கமான 2 1/2 க்கு 3 1/2 அங்குலம். முதுகில் மறுபதிப்பு என்றே அச்சாகியிருக்கும். சிலர் அனுமதி கிடைக்காமல் விடுபட்டு 402 கார்டுதான். அதன் பிறகும் மேன்டிலின் மறுபதிப்புகள் பல வந்தன. "தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது" என்று ஆன்லைனில் வரும் மேன்டில்களில் பெரும்பங்கு இந்த வகைதான். ஆகவே ஸ்கேல் எடுத்து அளந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

அளவு சரியாக இருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை எடுங்கள். முகத்தின் வண்ணப் பகுதியில் புள்ளிகள் பூப்போலக் கூடி நிற்கும், அது இயல்பு. கையெழுத்தும் கறுப்புக் கோடுகளும் ஒரே அடர்த்தியான மையாக இருக்க வேண்டும். கறுப்புக் கோட்டுக்குள்ளும் வண்ணப் புள்ளிகள் சிதறியிருந்தால், யாரோ கார்டை ஸ்கேன் செய்து அச்சடித்திருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் கார்டு பளீரென நீலமாக ஒளிர்ந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. பிற்காலத் தாளில் சேர்க்கும் வெண்மையூட்டிகள்தான் அப்படி மின்னும். ஒரே நிலையில் இருப்பதாகத் தோன்றும் மலிவான 1952 காமன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதைப் போன்ற சோதனை வேறில்லை. தடிமன், முதுகின் மங்கல் நிறம், விரலில் படும் சொரசொரப்பு எல்லாம் சேர்ந்து ஏமாற்றக் கஷ்டம்.

போலியைவிட ஆபத்தானது டிரிம் செய்த நிஜக் கார்டு. தேய்ந்த மூலையைக் கூர்மையாக்க ஓரத்தை மயிரிழை அளவு வெட்டிவிடுவார்கள். உலகின் மிகப் பிரபலமான பேஸ்பால் கார்டான, ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி இன்னொருவரோடு கூட்டாக 1991-ல் 4,51,000 டாலருக்கு வாங்கிய ஹோனஸ் வாக்னர் கார்டே (டி206 என்ற பழைய சிகரெட் கார்டு செட்டைச் சேர்ந்தது) அப்படி வெட்டப்பட்டதுதான். ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எனவே ஓரத்தைப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். எழுபது வருடப் பழைய ஓரம் மங்கி, லேசாக நார் தெரிய இருக்கும். மூன்று பக்கம் அப்படியும் ஒரு பக்கம் மட்டும் புது வெள்ளையாகவும் இருந்தால் வேண்டாம். கொஞ்சம் குட்டையாக இருப்பதாலேயே வெட்டியது என்று முடிவுகட்டவும் கூடாது. ஆலையிலேயே அளவு சற்று முன்பின்னாக இருந்தது.

மேன்டில், மேஸ், ராபின்சன், மேத்யூஸ், பாஃப்கோ ஐவரையும் ஸ்லாப் இல்லாமல் வாங்காதீர்கள். மற்றவற்றில் பிளாஸ்டிக் தேவையில்லை என்பது என் எண்ணம். கார்டைக் கையில் தொட முடியாமல் போவதும், சான்றுக் கட்டணமே கார்டின் விலையை நெருங்குவதும் காமன் கார்டுக்குக் கட்டுப்படியாகாது.

படி 6: விலையைக் கணக்கிடுங்கள்

விற்பவர் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளும் அவர்களின் தளங்களிலேயே கிடைக்கும். ஒரு விற்பனையை வைத்து முடிவு செய்யாமல், அதே கார்டு, அதே கிரேடு, அண்மை மாதங்களில் நடந்த பல விற்பனைகளை எடுத்து, உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு நடுவைப் பிடியுங்கள். ஏலத்தில் வெல்லும் தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் ஏறும். பெரிய ஏலங்களில் அது 20 சதவீத அளவுக்குப் போகும். இந்தியாவுக்கு வரவழைப்பதானால் சுங்க வரியையும் முன்கூட்டியே விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கிரேடிலும் எத்தனை பிரதி இருக்கிறது என்று பிஎஸ்ஏ வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அப்படியே நம்ப வேண்டாம். கூடுதல் கிரேடு கிடைக்குமா என்று ஸ்லாபை உடைத்துத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். ஒரே கார்டு பல முறை எண்ணப்பட்டிருக்கும்.

சந்தையின் காற்றும் முக்கியம். 2018-ல் பிஎஸ்ஏ 9 மேன்டில் ஒன்று 28.8 லட்சம் டாலருக்குப் போனது. 2021 ஜனவரியில் அதே கிரேடில் ஒன்று 52 லட்சம். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் கார்டு பக்கம் திரும்பியதால் வந்த ஏற்றம் அது. அதற்குப் பிறகு சந்தை பல இடங்களில் இறங்கியது. ஏறியபோது வாங்கியவர் முகத்தைப் பார்த்தால் இது சேமிப்புத் திட்டம் இல்லை என்று புரியும்.

படி 7: வாங்கும் வரிசை

இதில் இரண்டு கட்சி உண்டு. எளிதானதில் தொடங்கு என்பார்கள் சிலர். கடினமானதை முதலில் முடி என்பது மற்றவர் வாதம். 310-தான் இலக்கு என்றால் முதல் கட்சி சரி. 131 முதல் 250 வரையிலான காமன்களை மொத்தமாக ஒருவரிடமே வாங்குங்கள். ஐம்பது, நூறு கார்டாக எடுக்கும்போது ஒரு கார்டுக்கான விலை நன்றாகக் குறையும். இரட்டிப்பாக வருபவற்றை மாற்றிக்கொள்ளலாம். முதல் 80-க்கு முதுகின் நிறத்தைப் பார்க்காமல் கிடைத்ததை வாங்குங்கள்.

406, 407 என்று போகிறவர் ஹை நம்பரில்தான் தொடங்க வேண்டும். காரணம் எளிது. காமன்கள் என்றும் கிடைக்கும்; விலையும் மெதுவாகத்தான் நகரும். ஹை நம்பரை ஒத்திப்போட்டு, முந்நூறு கார்டு சேர்த்த பிறகு அங்கே வந்து நின்றால், இதுவரை செலவழித்ததைப் போலப் பல மடங்கு இன்னும் பாக்கி இருப்பது தெரிந்து கை ஓய்ந்துவிடும். பாதியில் நின்ற செட்டுகள் அநேகமாக 310-ல்தான் நிற்கின்றன.

நேரில் வாங்க ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் நேஷனல் ஸ்போர்ட்ஸ் கலெக்டர்ஸ் கன்வென்ஷனைப் போல வேறு இடமில்லை. ஊர் ஊராக நடக்கும் சின்ன கார்டு ஷோக்களும் போதும். அங்கே மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியைக் கேளுங்கள். கண்ணாடிக்குள் பளபளப்பாக இருப்பவை பேரம் படியாது. அடியில் இருக்கும் காமன் பெட்டியில் உட்கார்ந்து, தேவைப்பட்டியலோடு ஒப்பிட்டு இருபது முப்பது எடுத்து வைத்துவிட்டு, "எல்லாம் சேர்த்து என்ன போடுவீங்க?" என்று கேட்டால் விலை தானாக இறங்கும். கடைசி நாள் மாலை இன்னும் இறங்கும்.

படி 8: வைத்துக் காப்பது

இந்தக் கார்டு இன்றைய அளவைவிடப் பெரியது என்பதை மறந்துவிட்டு வழக்கமான உறைக்குள் திணித்தால் மூலை நசுங்கும். பழைய டாப்ஸ் அளவுக்கென்று தனி உறையும் கெட்டிப் பிளாஸ்டிக் டாப்லோடரும் விற்கிறார்கள். ஆல்பத்துக்கு ஒன்பது அறைப் பக்கம் சரிவராது. எட்டு அறைப் பக்கம் வாங்குங்கள். பிவிசி கலந்த பழைய பிளாஸ்டிக் பக்கங்களிலிருந்து எண்ணெய் போல ஒன்று கசிந்து கார்டில் ஒட்டும். மூக்கில் நெடி ஏறினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் நல்லது. அடித்தளத்து அறையும் பரணும் வேண்டாம். வெயில் படும் சுவரில் சட்டம் போட்டு மாட்டினால் அந்தச் சிவப்பு வானம் சில வருடத்தில் வெளிறும். வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருட்களுக்கு ஒரு சிறு வரம்புதான் இருக்கும்; தொகை பெரிதானால் தனியாக எடுங்கள். கார்டு வாரியாக வாங்கிய தேதி, விலை, இரு பக்கப் படம் வைத்த ஒரு பட்டியல் இருந்தால் காப்பீட்டுக்கும் உதவும், வரிக்கும் உதவும்.

படி 9: விற்கும் நாள் வந்தால்

முழுச் செட்டை ஒரே கட்டாக விற்றால், தனித்தனியாக விற்பதன் கூட்டுத்தொகை அநேகமாகக் கிடைக்காது. வாங்குகிற வியாபாரி பிரித்து விற்கும் உழைப்புக்குக் கழித்துக்கொள்வார். வழக்கமான நடைமுறை இது: நட்சத்திரங்களையும் நல்ல கிரேடு ஹை நம்பர்களையும் ஸ்லாபோடு ஏலத்துக்கு அனுப்புவது, மிச்சக் காமன்களைத் தொடர் வாரியாகக் கட்டி விற்பது. விதிவிலக்கு, எல்லாக் கார்டும் ஒரே மாதிரி உயர்ந்த கிரேடில் இருக்கும் செட். பிஎஸ்ஏயின் செட் பதிவேட்டில் முதலிடத்துக்குப் போட்டி போடுபவர்கள் அதற்குத் தனி விலை தருவார்கள்.

அமெரிக்காவில் வரி கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றாலும் சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு மத்திய வரி 28 சதவீதம் வரை போகும். பங்குகளுக்குரிய குறைந்த விகிதம் இதற்குக் கிடையாது. வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், அன்று செலவான ஏலக் கமிஷனையும் சேர்த்து அடக்க விலையாகக் காட்டலாம்.